நாற்காலியே வேண்டாம் என்ற வாடகைக் கடைக்காரனுக்கு

மாப்ள,

காலையிலிருந்து என் கடை முழுக்க உன் வாசனை. ஆவியாக வந்து உட்கார்ந்திருக்கிறாய் என்று சொல்ல வரவில்லை, பயப்படாதே. என் முழங்காலில் தைலம் தேய்த்திருக்கிறேன். பச்சையாக இருக்கும், மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வரவைக்கும், அதே தைலம்தான். சேர் தூக்கித் தூக்கி இடுப்பு போச்சு, ஆடி ஆடி முட்டி போச்சு என்று நீ எந்நேரமும் பூசிக்கொண்டு திரிந்தது. நீ வந்துவிட்டுப் போன நாட்களில் என் கடைக்கு வருகிறவர்கள், "ஏனுங்க, இங்க எலும்புக்குப் பாக்கறாங்களா?" என்று கேட்பார்கள். இன்றைக்கும் ஓர் அம்மா கேட்டார். இல்லைங்கம்மா, காதுக்குத்தான் என்றேன். காதுக்குப் பார்க்கிறவனுக்கு முழங்காலில் என்ன ஆயிற்று என்று அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. யாராவது கேட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

நேற்று நம் நிகழ்ச்சி நடந்தது. நீ இல்லாத முதல் நிகழ்ச்சி. அதில் என்ன நடந்தது என்பதை இங்கேயே சொல்லிவிட்டால் நீ துள்ளிக் குதித்துவிட்டு, மேற்கொண்டு ஒரு வரி படிக்க மாட்டாய். உன் குணம் எனக்குத் தெரியாதா. ஆகவே முதலிலிருந்துதான் வருவேன். பொறுமையாகக் கேள். கேட்கிற பழக்கம் உனக்குக் கிடையாது, இருந்தாலும் கேள்.

பள்ளிபாளையத்தில் ஒரே தெருவில் வளர்ந்த இரண்டு பேரில் ஒருவன் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் காது கேட்கும் கருவி விற்கப் போனான். இன்னொருவன் அப்பாவின் வாடகைக் கடையில் உட்கார்ந்தான். பந்தல், பாத்திரம், மைக் செட், எல்லாவற்றுக்கும் மேலாக நாற்காலி. சுற்றுவட்டாரத்தில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் முதுகில் உன் கடைப் பெயர் எழுதிய சிவப்பு நாற்காலியில்தான் உட்கார வேண்டும். உன் கடைக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. "சனம் எந்திரிச்சாச் சேரும் எந்திரிக்கோணும்." கூட்டம் எழுந்த மறு நிமிடமே நாற்காலிகளை அடுக்கி வண்டியில் ஏற்றிவிட வேண்டும், விட்டுவைத்தால் திரும்ப உட்கார்ந்து ஊர்க்கதை பேச ஆரம்பித்துவிடுவார்கள், அடுத்த விசேஷத்துக்கு வண்டி போக முடியாது. உன் ஆட்களை அப்படிப் பழக்கி வைத்திருந்தாய். ஒரு கல்யாணத்தில் போன் பேச எழுந்த மாப்பிள்ளையின் மாமா, பேசி முடித்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்தது தரையில். உன் கடை பெரியசாமி அதற்குள் வேலையை முடித்திருந்தார். நீ அந்த மாமாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, இந்தப் பக்கம் வந்து பெரியசாமிக்கு டீ வாங்கிக் கொடுத்தாய்.

அந்தக் கடையின் குடோனில்தான், அண்டாக்களுக்கும் அடுக்கிய நாற்காலிகளுக்கும் நடுவில், ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் இசை பண்ணினோம். ஒரு லேப்டாப், குமிழ் வைத்த இரண்டு பெட்டி, உன் மைக் செட். பாட்டு கிடையாது, பாடுகிறவர் கிடையாது. எல்லாம் மின்சாரத்தில் பிறக்கிற சத்தம். மேடையில் அந்தந்த நேரத்துக்குத் திருகித் திருகி வளர்த்துக்கொண்டு போவோம். உன் மனைவி கோமதி அதற்குக் கரண்டுப் பாட்டு என்று பெயர் வைத்திருந்தாள். நாம் யோசித்த எந்தப் பெயரும் அதைவிடப் பொருத்தமாக இல்லை.

இசை பண்ணுவதில் நமக்குள் ஒரு நாளும் தகராறு வந்ததில்லை. அதை ஜனங்கள் என்ன பண்ண வேண்டும் என்பதில்தான் வந்தது. உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பேன் நான். ஒரு சத்தத்தைச் செதுக்க மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறோம், அதை ஊஊ என்று கத்திக்கொண்டு குதித்தால் என்ன கேட்கும்? ஆட வேண்டும் என்பாய் நீ.

"காதுக்கு மட்டும்னா எல்லாரும் உன்ற கடைக்கு வந்து மெசின மாட்டீட்டுக் கேக்கட்டும். ப்ரோக்ராம் எதுக்குடா?"

"சேர் வாடகைக்கு உட்டுப் பொழைக்கிறவன் பேசற பேச்சாடா இது?"

"அதனாலதான்டா சொல்றேன். சேர்ல ஒக்காந்தவன் மூஞ்சிய நான் பாத்த மாதிரி நீ பாத்திருக்கமாட்டே."

இதற்கு மேல் நான் சத்தமாகக் கத்த ஆரம்பிப்பேன்.

முதல் நிகழ்ச்சி ஃபேர்லேண்ட்ஸில் ஒரு காபிக் கடையின் மொட்டை மாடியில். அது என் ஏரியா என்பதால் நாற்காலி போட வைத்தேன். நீயே கொண்டுவந்து, நூல் பிடித்த மாதிரி வரிசையாகப் போட்டுவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாய். வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். நல்ல பிள்ளைகளாகக் கேட்டார்கள். எனக்கு உள்ளம் குளிர்ந்தது. பாதியில் திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் உன்னைக் காணோம். முன்வரிசைக்கும் மேடைக்கும் நடுவே தனியாக ஆடிக்கொண்டிருக்கிறாய், அந்தத் தொப்பையோடு, கண்ணை மூடிக்கொண்டு. அவ்வளவுதான், அத்தனை பேரும் செல்போனைத் தூக்கி உன்னைப் படம் பிடிக்க ஆரம்பித்தார்கள். காபிக் கடை மேனேஜர் நீ குடித்திருக்கிறாய் என்று நினைத்து ஒரு டம்ளர் எலுமிச்சம் ஜூஸோடு ஓடிவந்தார். நீ அதையும் வாங்கிக் குடித்துக்கொண்டே ஆடினாய்.

அடுத்தது மேட்டூரில், ஊழியர் குடியிருப்பு ஒன்றின் ஆண்டு விழா. இந்தத் தடவை நாற்காலியே கூடாது என்று நீ அடம் பிடித்தாய். சரி, ஒழி என்று விட்டேன். வந்தவர்கள் கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றார்கள். பிறகு ஒருவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு சம்மணம் போட்டார். அவர் பக்கத்தில் இன்னொருவர், அவர் பக்கத்தில் இன்னொருவர். சற்று நேரத்தில் எல்லோரும் வரிசை வரிசையாக, முன்னால் இலை போட இடம் விட்டு உட்கார்ந்துவிட்டார்கள். நான் சிரிப்பை அடக்க முடியாமல் தவறான குமிழைத் திருகினேன். நீ என்னை முறைத்தாய். எல்லாம் முடிந்த பிறகு ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் மேடைக்குப் பக்கத்தில் வந்து, "டெஸ்டிங் எல்லாம் நல்லா இருந்துச்சு. ப்ரோக்ராம் எப்பங்க?" என்றார்.

வீடு திரும்புகிற வழியில் பவானி தாண்டியதும், "எழவு ஊட்டுல கொட்டு கேட்டா ஆடறாங்க. நம்ம ப்ரோக்ராம்ல சாப்பாட்டுக்கு ஒக்கார்றாங்க. என்ன சனம்டா இது" என்றாய்.

பிறகுதான் தறியைப் பிடித்தோம். யோசனை உன்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். உன் சித்தப்பாவின் தறிக்கூடத்தில் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்று, சடக் சடக் என்று ஓடுகிற விசைத்தறிகளின் சத்தத்தைப் பதிந்து வந்தாய். அதையே தாளமாக்கி, மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டு போய், உச்சிக்குப் போனதும் பொட்டென்று எல்லாவற்றையும் நிறுத்திவிடுவது. ஒரு சத்தமும் இருக்காது. நீ வலது கையைத் தூக்குவாய். உன் மனம் சொல்கிறவரை தூக்கியே வைத்திருப்பாய். கை இறங்கினதும் நான் அடித்தாளத்தோடு தறியைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அந்த மௌனத்தின் நீளம் முழுக்க உன் கையில்தான் இருந்தது. நான் குமிழில் விரலை வைத்துக்கொண்டு உன் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அதை நம் ஊர் மண்டபத்தில், உன் பிடிவாதத்தால் எல்லோரையும் தரையில் உட்கார வைத்து, முதன்முதலாக வாசித்த அன்று, ஆரம்பித்த சற்று நேரத்துக்கெல்லாம் மண்டபமே தூங்கிவிட்டது. மரியாதைக்குக் கண்ணை மூடுகிற தூக்கம் இல்லை, வாயைத் திறந்து தூங்குகிற தூக்கம். பிறந்ததிலிருந்து தறிச் சத்தத்தில் தூங்கி வளர்ந்த ஊர், அதையே மைக் செட்டில் போட்டால் வேறென்ன பண்ணும்? எனக்கு அவமானமாக இருந்தது. உச்சி வந்தது, நிறுத்தினோம், நீ கையைத் தூக்கினாய்.

மண்டபம் மொத்தமும் விழித்துக்கொண்டது. மடியில் கிடந்த குழந்தைகள் எல்லாம் ஒன்றாக அழ ஆரம்பித்தன. நம் ஊரில் தறி ஓடுகிறவரை பிள்ளை தூங்கும், தறி நின்றால் எழுந்துகொள்ளும். அது நமக்குத் தெரிந்த சங்கதிதான், ஆனால் எங்கே ஞாபகம் இருந்தது? ஆண்கள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்கள்.

"கரண்டு போயிருச்சாட்டம் இருக்குது."

"இல்லீங்க, லைட்டு எரியுது. எங்கியோ நூல் அறுந்துருச்சு."

இரண்டு பேர் வாசலை நோக்கி நடக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். உன் கை இறங்கியது. நான் தறியை ஓட விட்டேன். அப்பாடா என்று எல்லோரும் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தூங்கினார்கள்.

அன்று ஆற்றுப் பாலத்து முனையில் டீக் குடித்தபோது போட்ட சண்டை இருக்கிறதே, அதுதான் நம் சண்டைகளிலேயே பெரியது. நீ ஜெயித்துவிட்டதாகச் சொன்னாய்.

"அத்தன பேரும் எந்திரிச்சாங்கள்ல? எந்திரிச்சாப் பாதி ஆட்டம் வந்துருச்சுடா. திரும்ப ஒக்கார உட்டதுதான் தப்பு."

"கேட்டுட்டு இருந்ததுனாலதான்டா நின்னது தெரிஞ்சுது. தூக்கத்துலகூடக் கேட்டிருக்காங்க. இதுக்கு மேல கேக்கறவங்களுக்கு எங்க போறது?"

"தூங்கறவனயெல்லாம் உன்ற கட்சில சேத்தாத."

பிறகு டீயை ஊதிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், ஆற்றைப் பார்த்துச் சொன்னாய். "ஒருக்கா, ஒரே ஒருக்கா, ஒரு மண்டபம் முழுக்க ஆடறதப் பாத்துரோணும்டா மாப்ள. அப்பறம் நீ எல்லாரயும் சேர்ல கட்டி வெச்சாலும் நான் கேக்கமாட்டேன்." அதற்கு நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய், ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

ஆடி ஆடித் தேய்ந்தது முட்டி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். நெஞ்சு என்று உனக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. குடோனில் சேர் இறக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே உட்கார்ந்தாய் என்றார்கள். நீ உட்கார்ந்தாய் என்பதையே நான் முதலில் நம்பவில்லை.

உன் வீட்டுக்கு வந்தவர்கள் உட்கார உன் கடை நாற்காலிகளே வந்தன. பெரியசாமி அழுதுகொண்டே இறக்கினார், அழுதுகொண்டே வரிசை நேராக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். வெளியே கொட்டு அடித்தார்கள். உன் சித்தப்பா பையன்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினார்கள், எல்லாம் உன் கட்சி. நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். உன் மேல் கோபம் கோபமாக வந்தது. சண்டையைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிறவன் என்ன மனுஷன்? இனி யாரிடம் போய் நான் கத்துவேன் என்று நினைத்ததும் அடக்க முடியாமல் அழுதேன்.

கடையைக் கோமதி எடுத்துக்கொண்டாள். உன்னைவிட நன்றாகவே நடத்துகிறாள்; பாத்திரம் நெளிந்து வந்தால் உன் மாதிரி சிரித்துக்கொண்டே விட்டுவிடுவதில்லை. போன மாதம் போன் பண்ணினாள்.

"ஏனுங்கண்ணா, அந்தத் தறிப் பாட்ட நம்மூரு மண்டபத்துல இன்னொருக்கா வெக்கலாமுங்களா? நீங்க ரெண்டு பேரும் பண்ணது அப்படியே கெடக்குது."

"அதுக்கு ரெண்டு பேரு வேணும்மா. கையத் தூக்கறதுக்கு ஆளு இல்லயே."

"நீங்க வாங்கண்ணா. பாத்துக்கலாம்."

சரி என்றேன். ஆனால் எனக்குள் ஒரு முடிவு இருந்தது. இதில் கை வராமல் போனால் பெட்டிகளை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிடுவது, நம் கரண்டுப் பாட்டு உன்னோடு போனது என்று வைத்துக்கொள்வது. நீ இல்லாமல் என்னால் வாசிக்க முடியுமா என்பது நேற்று வரைக்கும் சத்தியமாக எனக்குத் தெரியாது.

போனை வைக்கும் முன்னால், "சேர் போடட்டுங்களா, வேண்டாமுங்களா?" என்றாள். உனக்கு மரியாதை செய்வதென்றால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நீ போய்ச் சேர்ந்தாய், இனியாவது என் பேச்சு எடுபடட்டுமே என்று ஒரு சின்னப் புத்தி வந்தது. எதிர்க்கட்சி இல்லாத சபையில் தீர்மானம் போடுகிற மாதிரி, "போடும்மா" என்றேன்.

"அவரு இருந்தாத் திட்டுவாருங்க."

"திட்டட்டும். வந்து திட்டட்டும்."

நேற்று சாயங்காலம் மண்டபம் நிரம்பிவிட்டது. பாதிப் பேர் உனக்காக வந்தவர்கள். துண்டையும் கைக்குட்டையையும் போட்டு இடம் பிடித்துவிட்டு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஆரம்பித்தேன். எதிர்பார்த்தபடி தூங்கினார்கள். இந்தத் தடவை எனக்குக் கோபம் வரவில்லை; நம்மை நம்பித் தூங்குகிறார்கள் என்று பட்டது. தறியை ஏற்றினேன், உச்சிக்குக் கொண்டுபோனேன், நிறுத்தினேன்.

நிறுத்திவிட்டு இடது பக்கம் திரும்பி உன் கையைப் பார்த்தேன்.

என் கடையில் காதைச் சோதிக்கும்போது நாள் முழுக்க நான் சொல்கிற வசனம் ஒன்றுதான்: சத்தம் கேட்டதும் கையைத் தூக்குங்க. அப்படிச் சொல்லிச் சொல்லியே பிழைக்கிறவன், நேற்று ஒரு சத்தமும் இல்லாத மண்டபத்தில், இல்லாத கைக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குழந்தைகள் அழ ஆரம்பித்தன. ஜனங்கள் எழுந்துவிட்டார்கள். "நூல் அறுந்துருச்சாட்டம் இருக்குது" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. எனக்கு விரல் வரவில்லை. அவ்வளவுதான், பரண்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது டப், டப் என்று ஒரு சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் பெரியசாமி. சனம் எழுந்துவிட்டது, நிகழ்ச்சி முடிந்தது என்று நினைத்துக்கொண்டு உன் ஆட்கள் நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். நீ பழக்கின வேகத்தில், பின்வரிசை, நடுவரிசை, முன்வரிசை என்று அரித்துக்கொண்டு வருகிறார்கள். இடம் பிடித்த துண்டுகளை உதறி உரியவர் தோளிலேயே போட்டுவிட்டு நாற்காலியை உருவுகிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் கை தானாகக் குமிழில் போய் விழுந்தது. தறி திரும்பி ஓடியது, அடித்தாளம் தரையை உலுக்கியது.

அப்பாடா என்று எல்லோரும் உட்காரத் திரும்பினார்கள். உட்கார ஒன்றும் இல்லை.

தோளில் துண்டோடு ஒரு தறிக்காரர் தன் நாற்காலி இருந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வந்தார். பெண்கள் அழுகிற குழந்தைகளைத் தோளில் போட்டு, முதுகில் தட்டி, இப்படியும் அப்படியும் அசைய ஆரம்பித்தார்கள். ஒருத்தி அசைந்தாள், பக்கத்தில் இன்னொருத்தி. தாளம் ஒன்று என்பதால் தட்டுவதும் ஒன்றாக, அசைவதும் ஒன்றாக விழுந்தது. குழந்தைகள் அடங்கின. அவர்கள் அசைவதை நிறுத்தவில்லை. பக்கத்தில் நின்ற ஆண்களுக்குக் கால் ஆடியது. உன் வீட்டு வாசலில் ஆடினார்களே, அந்தப் பையன்கள் முன்னால் வந்துவிட்டார்கள். துண்டுக்காரர் தேடுவதை விட்டுவிட்டுத் துண்டைச் சுழற்றினார். மண்டபம் ஆடியது, மாப்ள. முழுக்க.

நான் பெட்டியை அதன் போக்கில் ஓட விட்டுவிட்டு, சேரைப் போடச் சொல்லித் திட்டுவதற்காகத்தான் கீழே இறங்கினேன், நம்பு. பெரியசாமி அடுக்கைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, கண் கலங்க, இடுப்பை ஆட்டிக்கொண்டு போனார். அவரை எப்படித் திட்டுவது? அதற்குள் உன் சித்தப்பா பையன் என் கையைப் பிடித்து இழுத்தான். அப்புறம் நடந்ததை நான் எழுத மாட்டேன், செல்போன்களில் இருக்கிறது. ஒரு சுற்றுச் சுற்றியபோது அடுக்கி வைத்த நாற்காலியில் முட்டியை இடித்துக்கொண்டேன். தைலம் அதற்குத்தான். உன் நாற்காலி கடைசியில் என்னைப் பழிவாங்கிவிட்டது.

நொண்டிக்கொண்டு மேடையோரம் வந்தபோதுதான் கோமதியைப் பார்த்தேன். அந்த மண்டபத்திலேயே மிச்சமிருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முதலாளி உட்கார்ந்த சேர் என்று உருவாமல் விட்டிருக்கிறார்கள். நம் எந்த நிகழ்ச்சியிலும் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. டம்ளர், தட்டு, வண்டி என்று ஓடிக்கொண்டேயிருப்பாள். நேற்று கையை மடியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா, எல்லாரும் ஆடறாங்க. நீ வரலயா?"

"இருங்கண்ணா. கேட்டுட்டு இருக்கறேன்."

சற்று நேரம் கழித்துக் கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "நடுவுல ஒன்னுமே கேக்காம இருந்துச்சுங்களே. அது அவருதானுங்களே?"

ஆமாம்மா, அது அவன்தான் என்றேன்.

ஆக, மண்டபம் முழுக்க ஆடியது. நீ ஆசைப்பட்டபடியே. நீ பார்த்தாயோ இல்லையோ, உனக்காக நான் பார்த்துவிட்டேன், சொல்லிவிட்டேன். ஜெயித்தது நீ என்று எழுத வருகிறது, ஆனால் எழுத மாட்டேன். ஒருத்தி உட்கார்ந்து கேட்டாள் மாப்ள. நீ எங்கே இருக்கிறாய் என்று காதால் கேட்டே கண்டுபிடித்தாள். அதற்கு என்ன சொல்கிறாய்?

பெட்டிகள் பரணுக்குப் போகவில்லை. கோமதி உட்கார்ந்திருந்த அந்த நாற்காலியை அவளிடமே கேட்டு வாங்கிவந்து, என் கடையின் சோதனை அறையில் போட்டிருக்கிறேன். காலையில் எலும்பு டாக்டரா என்று கேட்ட அந்த அம்மாதான் அதில் முதலில் உட்கார்ந்தார். காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து, சின்னதாக ஒரு சத்தம் அனுப்பினேன். அவர் வலது கையைத் தூக்கினார். அடுத்த சத்தத்தை உடனே அனுப்ப வேண்டும், அதுதான் முறை. எனக்கு விரல் நகரவில்லை. அந்த அம்மாவும் கையைத் தூக்கியபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கை இறங்கிய பிறகுதான் குமிழைத் தொட்டேன்.